கருப்பராயனுக்கு நேர்ந்த சேவல்

எனக்கு வாய் நீளம். பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், வாழ வந்த இந்தத் துடியலூரிலும் சொல்கிறார்கள். சண்டைக்குப் போகமாட்டேன், வந்தால் விடவும் மாட்டேன். ஆனால் தொண்ணூற்று மூன்றாம் வருசம் ஆடி மாதம், இந்த வாயை நானே ஊசி நூல் கொண்டு தைத்திருக்கலாம்.

அந்த மாதம்தான் என் வீட்டுக்காரரின் வலது கை, பட்டறையில் பிரஸ் மிசினுக்குள் போய்விட்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ரத்தம் நிறையப் போயிருந்தது, இரண்டு நாள் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி கருப்பராயனிடம் வேண்டிக்கொண்டேன். மனுசன் உயிரோடு வீடு திரும்பட்டும், உனக்கு ஒரு செஞ்சேவல் அறுக்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் கண் திறந்தார்.

அடுத்த சந்தையில் ஐந்து குஞ்சுகள் வாங்கினேன். அதில் ஒன்று, இரண்டு மாதமான செஞ்சேவல். வளர்ந்ததும் சாமிக்கு விடலாம் என்றிருந்தேன். சாமிக்கு விடுவதில் காலோ கண்ணோ இறகோ, எதிலும் பழுது இருக்கக் கூடாது.

இருபது வருசமாகக் கோழி வளர்க்கிறேன். புதுக் குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு சேர்க்கத் தெரியாதவளில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் மூங்கில் கொடாப்பைக் கவிழ்த்து, குஞ்சுகளை அதற்குள்ளே பதினைந்து நாள் வைக்க வேண்டும். பெரிய கோழிகள் வெளியே இருந்து பார்த்துப் பார்த்துச் சலித்துப்போகும். அப்புறம் ஒரு சாயங்காலம், எல்லாம் வயிறு நிறைய மேய்ந்து வந்த பிறகு, கொடாப்பைத் தூக்கிவிட்டு, தீனியை நாலு இடத்தில் இறைத்து, பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

குஞ்சுகளைக் கொடாப்பில் வைத்த நான்காம் நாளே, அவருக்கு டிஸ்சார்ஜ் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். மகளைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் வேறு ஆளில்லை. நாள் முழுக்க வெயிலில் கொடாப்புக்குள் கிடந்தால் குஞ்சு தாங்காது. ஒரு நாள்தானே, மேய்ந்துகொள்ளட்டும் என்று தூக்கிவிட்டு பஸ் ஏறினேன். புத்தி கெட்டவள்.

மத்தியானம் அவரை ஆட்டோவில் கூட்டிவந்து இறக்கினால், பின்னால் ஒரே கூச்சல். ஓடினேன். செஞ்சேவல் தண்ணீர்த்தொட்டி மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது, பெரிய கருங்கோழி அதன் மண்டையிலேயே கொத்துகிறது. விரட்டிவிட்டுக் கையில் எடுத்துப் பார்த்தேன். இடது கண் போயிருந்தது. ஆத்திரத்தில் முன்னே பின்னே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"கண்ணையே கொத்திப்போட்டுதே. ஊனமானதைச் சாமிக்கும் குடுக்க முடியாது, ஊட்டுல வெச்சும் பிரயோசனமில்ல. இனி இது எதுக்கு ஆகும்?"

திரும்பினால், பின்கதவில் அவர் நிற்கிறார். கட்டுப் போட்ட கை நெஞ்சோடு இருந்தது. அப்படியே திரும்பி உள்ளே போனார்.

கோழியைத்தான் சொன்னேன் என்று சமாதானம் சொல்லப்போனால், அதுவே அவரைச் சொன்னதாக ஆகிவிடும். சொல்லாமல் விட்டாலும் அப்படித்தான். அன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். சோறு வைத்தால் இரண்டு வாய். பங்காளிகள் பார்க்க வந்தால், தூங்குகிறார் என்று என்னையே சொல்லச் சொன்னார். வாசலைத் தாண்டவில்லை. கையை எடுத்தது மிசின். ஆளைப் படுக்கவைத்தது என் வாய். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

சேவலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் புண்ணை ஆற்றினேன். அறுக்கவும் ஆகாத அதை ஏன் காப்பாற்றினேன் என்று கேட்டால், சாகவிட எனக்குப் பயமாக இருந்தது. குஞ்சுகளை மறுபடியும் கொடாப்பில் வைத்து, இந்த முறை முழுசாகப் பதினைந்து நாள் பொறுத்தேன். மற்ற நான்கும் சேர்ந்துகொண்டன. இதைத்தான் கருங்கோழி விடவில்லை. கண்ணில்லாத பக்கமாகவே வந்து கொத்தும். அடி எங்கிருந்து விழுகிறதென்று தெரியாமல் இது நின்ற இடத்திலேயே சுற்றும். மூன்று சாயங்காலம் விரட்டி விரட்டி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது.

நான்காம் நாள் கூச்சல் கேட்டு அவரே எழுந்து வந்தார். இடது கையில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, சேவலுக்குக் கண்ணில்லாத பக்கமாகக் குத்தவைத்து உட்கார்ந்தார். கருங்கோழி வந்தபோதெல்லாம் தரையில் ஒரு தட்டு. அவ்வளவுதான், அடிக்கவில்லை. மறுநாளும் வந்தார். அப்புறம் தினமும் வந்தார், ஆனால் என்னோடு பேச்சில்லை. புரட்டாசி பிறந்தபோது சேவல் கூட்டத்துக்குள் நின்று சோளம் பொறுக்கியது.

அப்போதுதான் ஒருநாள் பூசாரி கந்தப்பன் வந்து நேர்த்திக்கடனை விசாரித்தார். சேவலைப் பார்த்துவிட்டு, இது சாமிக்கு ஆகாதுங்க அம்மணி, பழுதில்லாத வேறொன்று வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முறையைச் சொன்னார், அவர் மேல் தப்பில்லை.

வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. சேவலையும் பார்க்கவில்லை. மடித்துக் கட்டிய சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமிக்கு ஆகாதுங்கறாரு. நீயும் அன்னிக்கே சொல்லிப்போட்டே. உனக்கு ஆகுமா, சென்னி?"

எத்தனை பேரை வாயால் மடக்கியவள் நான். எனக்கு அழுகைதான் வந்தது.

"நானென்ன சாமிங்களா, பழுது பாத்து வாங்கறதுக்கு? எனக்கு நீங்க ஊட்டுல இருந்தாப் போதுமுங்க."

கோழிகள் அடையும்வரை இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். சந்தைக்குப் போய்ச் சாமிக்கு வேறு சேவல் பார்க்கலாம், பொத்தானைப் போட்டுவிடு என்றார். அவசரத்தில் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டேன். எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி போட்டு முடிக்கும்வரை அவர் பொறுமையாக நின்றார்.