ஒரு மில்லிமீட்டர் பிட்

எண்பத்து மூன்றாவது துளையில் டிரில் பிட் உடைந்தது. நகம் வெட்டும்போது கேட்குமே, அப்படி ஒரு சின்னச் சத்தம். மெஷினை நிறுத்திவிட்டுப் பலகையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். துளை பாதியில் நின்றிருந்தது. உள்ளே எதுவும் சிக்கியிருக்கவில்லை. பாதி பிட் மெஷினின் வாயில் இருந்தது. மீதிப் பாதி எங்கோ தெறித்திருந்தது.

எனக்கு அது புதிதில்லை. நான் செய்வது மரத்தில் பூவேலை. மெல்லிய பலகையின்மேல் கொடியும் இலையும் வரைந்த காகிதத்தை ஒட்டி, வேண்டாத இடங்களை நூல் மாதிரி இருக்கும் ரம்பத்தால் அறுத்து எடுப்பேன். ஓரத்திலிருந்து அறுத்துக்கொண்டு உள்ளே போனால் கொடி துண்டாகிவிடும். அதனால் எடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் முதலில் ஒரு சின்னத் துளை போட்டு, ரம்பத்தைக் கழற்றி அதன் வழியாகக் கோத்து, மறுபடி மாட்டி, உள்ளிருந்தே அறுக்க வேண்டும். துளை பெரிதானால் இலையின் நரம்பு போய்விடும். ஆகவே ஒரு மில்லிமீட்டர் பிட். கொஞ்சம் அவசரப்பட்டு அழுத்தினாலும் உடையும், அது மேலே வருமுன் பலகையை நகர்த்தினாலும் உடையும். மாதத்துக்கு ஐந்தாறு உடைப்பேன். கூட்டித் தள்ளிவிட்டு அடுத்ததை மாட்டுவேன்.

அன்று பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், என் பின்னால் எறும்பு உட்கார்ந்திருந்தாள்.

எறும்பு என் மகள். பத்து மாதம். தரையில் எது கிடந்தாலும் எங்கள் கண்ணில் படுவதற்குள் அவள் வாயில் இருக்கும் என்பதால், லாரியோட்டும் அவளுடைய அப்பா வைத்த பெயர். வேலை அறைக்குள் அவள் வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவள் தன் மஞ்சள் போர்வையை இழுத்துக்கொண்டு வந்து, அதன்மேலேயே உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். விழுங்கினாள்.

அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஈரமான மரத்தூள் வந்தது. எச்சிலோடு ஒரு சிவப்பு இழையும் வந்தது. மேலே பல் முளைக்கிறது, இரண்டு நாளாகவே ஈறு புண்ணாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்.

நான் போட்ட கத்தலில் நாத்தனார் கையில் போனோடு ஓடிவந்தாள். குழந்தையைக் காலையில் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"கதவ யாரு தொறந்தது?"

"தெரியல அண்ணி. தாழ்ப்பா தானா விலகியிருக்கும்."

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று வைத்திருக்கிறேன். மண்டியிட்டு அதைத் தரை முழுக்கத் தேய்த்தேன். இரும்புத்தூள் தாடிபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு ஆணி, ஒரு குண்டூசி, எப்போதோ உடைந்த மூன்று பிட் துண்டுகள் வந்தன. ஒவ்வொரு துண்டையும் மெஷினிலிருந்த பாதியோடு வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. 

போர்வையோடு குழந்தையை வாரிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். எறும்புக்கு ஒரே கொண்டாட்டம். அத்தையின் மூக்கைப் பிடித்து இழுத்தாள், காற்றைக் கடித்தாள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்காதேடி, சிரிக்காதே என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் வயிறு குலுங்கும் போதெல்லாம் அந்தப் பிட் முனை எங்கே நகர்கிறதோ என்றிருந்தது. டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன், அடுத்த மூச்சில் சீக்கிரம் போகச் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

எக்ஸ்ரே எடுப்பவர் உடுப்பைக் கழற்றச் சொன்னார். மேசையின் சில்லிப்பு முதுகில் பட்டதும் எறும்பு வீரிட்டாள். நாத்தனார் அவசரமாகப் போர்வையை அடியில் தள்ளினாள். "சரி சரி, ஆடாம பிடிங்க, போதும்," என்றார் அவர். வெளியே வரிசை நீண்டிருந்தது.

திரையில் என் மகளின் விலா எலும்புகள் தெரிந்தன. சீப்பின் பற்கள்போல அத்தனை மெலிசு. அதற்குக் கீழே, வயிற்றின் இடப்பக்கம், ஒரு வெள்ளைக் கோடு. உற்றுப் பார்த்தால் கோட்டில் பிட்டின் முறுக்கு தெரிந்தது.

"அதுதான்," என்றேன்.

டாக்டரம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். "முனை கூரா இருக்குமா?"

"மரத்தையே துளைக்கும் டாக்டர்."

அவர் பேனாவை மூடினார். "சர்ஜனைக் கூப்பிடறேன். பால் எதுவும் குடுக்காதீங்க. அதுக்குள்ள பக்கவாட்டுல ஒரு படம் எடுத்துடுங்க. எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு தெரியணும்."

மறுபடி வரிசை. நடைபாதைச் சுவரோடு ஒட்டி நின்றோம். எறும்பு பாலுக்கு என் மார்பில் முட்டினாள், கிடைக்காமல் அழுதாள். அந்த அழுகைக்கு நடுவே நாத்தனார் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"தாழ்ப்பா தானா விலகல அண்ணி. நான்தான் தொறந்தேன். ஒரு போன் வந்துச்சு. நீங்க உள்ளதான இருக்கீங்கன்னு இவள விட்டுட்டுப் போயிட்டேன். கூப்பிட்டுச் சொன்னேன் அண்ணி, சத்தியமா. மெஷின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

கேட்கவில்லைதான். ஆனால் எண்பத்து மூன்றாவது துளைக்குப் பிட்டை இறக்கியபோது என் குதிகாலில் ஈரமாக ஏதோ பட்டது. ஐந்து விரல்கள். அது என்னவென்று எனக்குத் தெரிந்தது. இந்த ஒரு துளையை முடித்துவிடுவோம் என்று நினைத்தேன். அந்த அவசரத்தில்தான் அழுத்தினேன். இதை நான் நாத்தனாரிடம் சொல்லவில்லை. அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கவாட்டுப் படத்துக்கும் அதே போர்வைமேல்தான் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டோம். எக்ஸ்ரேக்காரர் திரையருகே குனிந்தார், பிறகு இன்னும் குனிந்தார்.

"இது உள்ள இல்லியே," என்றார்.

கோடு முதுகுக்கு வெளியே இருந்தது. குழந்தையின் உடம்பு ஒரு பக்கம், அதைத் தாண்டி இருட்டில் தனியாகக் கோடு. "அந்தப் போர்வைய யாருங்க வெச்சது?" என்று அவர் கத்தியபோதுதான் எனக்குப் புரிந்தது. நர்ஸ் போர்வையைத் தடவிக்கொண்டே வந்து, மடிந்து தைத்த ஓரத்தில் நிறுத்தி, செருகியிருந்த துண்டை முள் எடுப்பதுபோல உருவினார். போர்வை இல்லாமல் மூன்றாவது படம் எடுத்தார்கள். எலும்புகள் மட்டும் இருந்தன. டாக்டரம்மா எல்லோரையும் வரிசையாகத் திட்டினார். காதில் தேன் பாய்ந்ததுபோல் இருந்தது. நாத்தனார் அங்கேயே தரையில் உட்கார்ந்து விம்மினாள்.

வெளியே வேப்பமர நிழலில் பெஞ்சு இருந்தது. பால் குடித்து முடித்த எறும்பு என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நர்ஸ் பஞ்சில் சுற்றி மேலே பிளாஸ்திரி ஒட்டிக் கொடுத்த துண்டு என் வலது கைக்குள் இருந்தது. குப்பைத் தொட்டி பக்கத்திலேயே இருந்தும் போட மனம் வரவில்லை. என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது இருக்கவே கூடாது என்று தோன்றியது.

"அண்ணன்கிட்ட சொல்லப் போறீங்களா?" என்றாள் நாத்தனார். முகம் வீங்கியிருந்தது.

"நான்…" என்று ஆரம்பித்தேன்.

"என்ன அண்ணி?"

எறும்பு என் மூடிய கையைக் கண்டுபிடித்துவிட்டாள். குனிந்து, மூச்சு வாங்க, என் சுண்டுவிரலைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு அடுத்த விரல். அவள் ஒன்றைத் திறக்கத் திறக்க, நான் மற்றதை மூடிக்கொண்டே இருந்தேன்.