ஈந்தங்காய்ப் பானை

சுப்புத்தாயின் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, உப்புப் போட்ட வெந்நீரைச் சங்கில் புகட்டினான் அம்மாவாசி. தொண்டையில் இறங்கியது போலத்தான் இருந்தது. சங்கைக் கீழே வைப்பதற்குள் அத்தனையும் திரும்பி வந்து அவன் வேட்டியை நனைத்தது.

"போதும், விடுங்க," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

வாசற்படியில் மகள்கள் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் பேச்சி உள்ளே பார்க்காமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் படியில் கிடந்த மண்ணைக் கிள்ளி வாயில் போட்டாள். பேச்சி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

அந்த வருசம் பண்ணைப்புரத்து மானாவாரிக் காடுகளில் சோளம் கருகிவிட்டது. கம்பத்து வயல்களில் விளைந்த நெல்லை சர்க்கார் வண்டிகள் வந்து ஏற்றிக்கொண்டு போயின. யுத்தம் என்றார்கள். பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுவிட்டது என்றார்கள். கூலியை நெல்லாக அளந்த, நிலம் வைத்திருந்த சம்சாரிகள் இப்போது காசாகக் கொடுத்தார்கள். அந்தக் காசைக் கொண்டுபோனால் கடையில் தானியம் இல்லை.

அம்மாவாசி மலையேறிப் போய் ஒரு சாக்கு ஈந்தங்காய் கொண்டுவந்தான். பார்வைக்குத் தென்னங்கன்று போல நிற்கிற மரம். கோழிமுட்டை அளவில் காய். ஓட்டை உடைத்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு. பருப்பில் விஷம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். வில்லை வில்லையாகச் சீவி, ஓடுகிற தண்ணீரில் பல நாள் கிடக்கவிட்டு, காயவைத்து இடிக்க வேண்டும். ஊறின தண்ணீரை வெள்ளாட்டுக்கு வைத்துப் பார்த்த பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பார்கள். மழை பொய்த்த வருசத்தில்தான் ஈந்து அதிகமாகக் காய்க்கும் என்றும் சொல்வார்கள். அவன் வீட்டு வெள்ளாடு சித்திரையிலேயே போய்விட்டது.

"ஓடையில கொண்டுபோய்ப் போடு புள்ள," என்று அவன் சொல்லத்தான் செய்தான்.

"ஓடையில போட்டா ஊரே பாக்கும். காட்டுக்காயத் திங்கிற வீடுன்னு ஆகிப்போகும். நமக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைக."

கொல்லையில் பானை வைத்து, முறத்தால் மூடி, சுமந்து வந்த தண்ணீரைக் கொட்டிக் கொட்டி மாற்றினாள். நேற்றுப் பொழுது சாயும் நேரம் சின்னவள் அழுது அழுது குரல் கட்டிப்போய்க் கிடந்தபோது, சுப்புத்தாய் எழுந்து பானையிலிருந்து கொஞ்சத்தை அள்ளி அரைத்தாள். வெந்து இறக்கியதும் பேச்சி கையை நீட்டினாள்.

"மொதல்ல ஆத்தா தின்னு பாக்குறேன். ஒண்ணும் செய்யலைன்னா விடிஞ்சதும் ஒங்களுக்கு."

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அவள் தின்றாள். ஆவியின் மணத்தில் அம்மாவாசிக்கு எச்சில் ஊறியது. அவள் இரண்டாவது உருண்டையை எடுத்தபோது அவனுக்குக் கோபம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இப்போது அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"காயத் தின்னு செத்தாள்னு ஆருட்டயும் சொல்லிராதீக."

"ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

"சொல்லிராதீக."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினான். அவள் அதைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. உச்சி வெயில் கூரை ஓட்டையில் இறங்கியபோது அவள் மூச்சு நின்றிருந்தது.

அவன் கதறிய குரல் கேட்டுத் தெருக் கதவுகள் திறந்தன. ஆனால் யாரும் கிட்ட வரவில்லை. பெரியப்பா மகன் ஒச்சாண்டி எதிர்ச் சுவரோரம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"ஏலே, என்ன செஞ்சுச்சு?"

"வாந்தி. வயித்தால போச்சு."

ஒச்சாண்டி இரண்டு அடி பின்னால் போனான். உத்தமபாளையத்தில் வாந்திபேதி கண்டிருந்த நேரம் அது. அங்கே செத்தவர்களைத் தூக்க ஆளில்லாமல் மாட்டுவண்டியில் ஏற்றியதாகப் பேச்சு.

"தப்பா நெனைக்காதடா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு," என்றான் ஒச்சாண்டி. திறந்த கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

அம்மாவாசி அவளைக் குளிப்பாட்டினான். சேலையை அவனே சுற்றிவிட்டான். கொசுவம் சரியாக வரவில்லை. ஈ மொய்க்காமல் பேச்சி ஆத்தாளின் முந்தானையால் விசிறினாள். வெயில் சாய்ந்தது. யாரும் வரவில்லை. தோளில் போட்டுத் தான் ஒருவனே தூக்கிப் போய்விடலாம், அவளிடம் எடை இல்லை. ஆனால் குழி தோண்டும்போது பிள்ளைகளை யாரிடம் விடுவது?

கொல்லைக்குப் போனான். பானையை இரண்டு கையாலும் தூக்கிவந்து நடுத்தெருவில் வைத்தான்.

"வாந்திபேதி இல்ல!" என்று கத்தினான். "ஈந்தங்கா. சரியா ஊறல. அவ மட்டுந்தான் தின்னா. இந்தா இருக்கு, பாத்துக்கங்க!"

முதலில் வந்தவள் எதிர்வீட்டு ராக்கம்மாள். பானைக்குள் கைவிட்டு ஒரு வில்லையை எடுத்து நகத்தால் கீறினாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள். அதற்குள் இன்னும் மூன்று நான்கு பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"எத்தன தண்ணி மாத்துனா தம்பி?"

"தெரியலக்கா. பானையிலயேதான் வச்சிருந்தா."

"பானையிலயா?"

ராக்கம்மாளுக்குப் பின்னால் நின்றவள் மெதுவாகக் கேட்டாள்: "எம்புட்டுத் தின்னா?"

"ரெண்டு உருண்ட."

ஒருத்தியும் அடுத்தவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அவ கொடங்கொடமாத் தண்ணி சொமந்ததப் பாத்துட்டு அப்பவே கேட்டிருக்கணும்," என்று ஆரம்பித்த ராக்கம்மாள் அதை முடிக்கவில்லை. வில்லையைப் பானையில் போட்டுவிட்டு, கையைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். பிறகு சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஒச்சாண்டி மூங்கில் வெட்டிவந்தான். பாடையைத் தூக்கும்போது அம்மாவாசியின் பக்கத்தில் அவன்தான் நின்றான். குழியில் மண் தள்ளும்போது சொன்னான்: "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடா. எங்க வீட்லயும் அதுதான் ஊறிக்கிட்டுக் கெடக்கு."

மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அம்மாவாசி மீதி மண்ணைத் தள்ளினான்.

குளிப்பதற்காக ஆண்கள் ஓடைக்கு வந்தபோது மலை மறைத்த வெயில் தண்ணீரைவிட்டுப் போயிருந்தது. மேலே எங்கோ பெய்த மழையில் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. கரையில் பெண்கள் நின்றார்கள். தெருப் பெண்கள் எல்லாரும், கீழத்தெருக்காரிகள் கூட. வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்ததையெல்லாம் கூடைகளில் கொட்டி, கல் வைத்து, நீரோட்டத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கூடையிலிருந்தும் பால் போல வெள்ளையாக ஒரு கோடு கிளம்பிக் கீழே போயிற்று.

ஆண்களைக் கண்டதும் ராக்கம்மாள் நிமிர்ந்தாள். அவள் காலடியில் பேச்சி சின்னவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒன் வீட்டுதும் போட்ருக்கேன் தம்பி," என்றாள் ராக்கம்மாள். "கொட்ட மனசு வரல."

அம்மாவாசி கூடைகளைப் பார்த்தான். எது தன்னுடையது என்று கேட்கவில்லை. நனையாத துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரமாக மேல்நோக்கி நடந்தான். கடைசிக் கூடையையும் தாண்டி, தண்ணீர் தெளிவாக இருக்கிற இடம் வரை போய், இறங்கினான்.