என் நோட்டீஸை நானே பட்டுவாடா செய்த கதை

1

உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அதனால்தான் இதைக் கதையாக எழுதுகிறேன். நான் தபால்காரன். புனைபெயரில் வலைப்பதிவும் உண்டு. நான் தாளில் எழுதிக் கொடுப்பேன், என் மனைவி தட்டச்சு செய்து ஏற்றுவாள். இதையும் அவள்தான் அடிக்கிறாள்.

[ஆமா. கோழி கிண்டின மாதிரி எழுத்து. - தட்டச்சுக்காரி]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பெரிய செய்தித்தாளின் அதிகாரமிக்க ஆசிரியர், ஒரு காலை, தன் கண்ணாடி அறையில்...’

வேண்டாம். அந்த அறையை நான் பார்த்ததில்லை. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவரைப் புகழ்ந்து வாராவாரம் அந்தத் தாளில் வாசகர் கடிதங்கள் வரும். அவற்றில் ஏழு, நான் தபால் கொடுக்கும் ஒரு தெருவிலிருந்து, கதவு எண் ஐம்பத்திரண்டு என்று போட்டு வந்தவை. அந்தத் தெரு நாற்பதோடு முடிந்துவிடும். அப்புறம் சுவர்தான். பதினெட்டு வருஷமாக அந்தச் சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைக்கிறவன் நான். இதைத்தான் பதிவில் எழுதினேன், கொஞ்சம் கிண்டலாக.

3

என் மனைவிக்கு வக்கீல் ஆபீசில் தட்டச்சு வேலை. ஊரில் இத்தனை வக்கீல்கள் இருக்க, ஆசிரியர் அந்த வக்கீலிடமே போய்ச் சேர்ந்தார். பதிவை நீக்கி ஏழு நாளில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அவதூறு வழக்கு என்று நோட்டீஸ். இப்போதைக்குப் புனைபெயரை மட்டும் போட்டு வை, ஆள் யாரென்று பிறகு விசாரிக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். என் புனைபெயரை இவள் அடித்தாள். அதன் கீழே எங்கள் வீட்டு முகவரியையும் அடித்தாள். வக்கீல் பத்தோடு பதினொன்றாகக் கையெழுத்துப் போட்டார், தபாலுக்குப் போய்விட்டது.

[இந்தப் பகுதிய எடுத்துடுங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன்.]

4

எங்கள் வீட்டுக்கும் நான்தான் தபால்காரன். ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று எழுதித் திருப்பியிருக்கலாம். இல்லாத வீட்டைச் சொல்லிக்காட்டியவன், இருக்கிற வீட்டை எப்படி இல்லை என்பது? வாசலில் சைக்கிளை நிறுத்தி, மணியடித்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மாலையில் உறையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“விலாசம் இல்லாம வெறும் பேரோட ஒரு நோட்டீஸ்கூட என் கையவிட்டுப் போனதில்லங்க. கை பாட்டுக்கு அடிச்சிருச்சு.”

“பின்கோடுகூட சரியாத்தான் இருக்கும்மா,” என்றேன்.

அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். அந்த நிமிஷம் அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தை...

(இதை முடிக்கவில்லை. அவள்தானே அடிக்க வேண்டும்.)

[முடிச்சிருக்கலாம்.]

5

இன்று ஏழாவது நாள். நான் எழுதிக் கொடுத்த இரண்டு முடிவுகளையும் அவளே அடித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறாள். ஒன்று மன்னிப்பு: பதிவு போகும், அவள் வேலை தப்பும். மற்றது மறுப்பு: பதிவு நிற்கும், நாங்கள் கோர்ட்டு வாசலில் நிற்போம், அவள் வேலை போகும்.

மன்னிப்பின் அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு, அதன்கீழ் என் பெயர். மறுப்பில் இரண்டு கோடுகள். இரண்டாவதன்கீழ் அவள் பெயர். நான் அப்படி எழுதிக் கொடுக்கவில்லை.

“ஏம்மா, இதுவும் கை பாட்டுக்கு அடிச்சதா?”

“இல்ல,” என்றாள்.

கடைசித் தபால் எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பேனா மேசையில்தான் இருக்கிறது. எந்தத் தாளை உறையில் போடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

[நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். என் கோட்டுல நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.]