நான் அடித்த வரி

1

இந்தக் கதை ஓர் அறிவிப்பிலிருந்து பிறந்தது. அந்த அறிவிப்பை எழுதியவன் நான். வெட்கத்தோடு சொல்கிறேன், நன்றாகத்தான் எழுதியிருந்தேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்தர் என்பது என் பதவி. எழுத்தாளன் என்பது என் நினைப்பு.

2

முதல் தொடக்கம்: 'கழிவுநீர்க் கிணற்றின் இருளில் காலை ஒளி மெல்ல...'

வேண்டாம். அங்கே ஒளி இறங்காது. நானும் இறங்கியதில்லை.

இரண்டாவது தொடக்கம்: வளாகத்து விடுதிகளின் கழிவுநீரெல்லாம் ஓர் ஆழமான கிணற்றில் சேரும். அங்கிருந்து பம்புகள் அதை வெளியே தள்ளும். முப்பது வருடப் பழைய பம்புகளை மாற்றும் வேலை நடந்தது. புதியதைப் பொருத்த ஒருவர் உள்ளே இறங்கி போல்ட் முடுக்க வேண்டும். கழிவுநீர் வரும் குழாயின் வால்வு முழுதாக மூடாது. அதனால் பத்து முதல் பன்னிரண்டு மணிவரை விடுதிகளில் யாரும் தண்ணீர் திறக்கக் கூடாது.

பம்பு ஆபரேட்டர் என் மேசைக்கு வந்தார்.

"சார், ரெண்டே வரி போதும். தண்ணி திறக்காதீங்க, ஆளு உள்ள இருக்கான். அவ்வளவுதான்."

"நான் பாத்துக்கறேன், போங்க."

3

பார்த்துக்கொண்ட லட்சணம்: 'தூய்மையே வளர்ச்சியின் முதற்படி' என்று ஆரம்பித்தேன். (சிரியுங்கள். எனக்கு வேண்டியதுதான்.) தொலைநோக்கு, துணைவேந்தரின் வழிகாட்டுதல் எல்லாம் வந்தன. நேரம் பதினாறாவது வரியில் வந்தது. 'ஆளு உள்ள இருக்கான்' கொச்சையாகத் தெரிந்ததால் அடித்துவிட்டு, 'பராமரிப்புப் பணி' என்று போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் ஒரு முழு ஆளையே மறைத்தேன்.

பதினொன்றரைக்கு ஒரு விடுதியே குளித்தது. இறங்கியிருந்தவர் அதே ஆபரேட்டர்.

வெள்ளம் அவரைச் சுவரில்

(இந்த வாக்கியத்தை ஐந்து முறை தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அழகாகவே வருகிறது.)

இடுப்புக் கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தார்கள். வலது தோள்பட்டை உடைந்திருந்தது.

4

விசாரணைக் குழு சொல்வது: முறையான அறிவிப்பு கொடுக்கப்பட்டது, தண்ணீர் நின்றதா என்று பார்க்காமல் ஆபரேட்டர் இறங்கியது அவர் தவறு. அவருடைய வேலை போகலாம். ஆதாரமாக என் அறிவிப்பை இணைத்திருக்கிறார்கள்.

* அடிக்குறிப்பு: மனைவியிடம் மட்டும் சொன்னேன். "போய்ச் சொல்லிடுங்க" என்றாள். "கதையா எழுதறேன்" என்றேன். "ஏன், நேராச் சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" என்றாள்.

5

முடிவு ஒன்று: குழுவின் முன் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறேன். இதுவரை படித்த நீங்கள் நம்பமாட்டீர்கள்.

முடிவு இரண்டு: அவர் என்னை மன்னிக்கிறார். அது எனக்கு நானே போட்டுக்கொள்ளும் மாலை.

மூன்றாவது, நேற்று நடந்தது. கையைக் கட்டித் தொங்கவிட்டபடி அவர் வந்தார்.

"சார், விளக்கக் கடிதம் கேட்டிருக்காங்க. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். எனக்குக் கை வரல. நீங்க எழுதினா பெரியவங்க படிப்பாங்க."

நான் அடித்த வரி அவருக்குத் தெரியுமா? தெரிந்தேதான் கேட்டாரா? கேட்க எனக்குத் துணிவில்லை. தலையாட்டினேன்.

இன்று கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியது இதை. முடிவை வாசகரிடம் விடுவது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். உங்களிடம் எப்படி விடுவேன்? அறிவிப்பை எழுதியது நீங்கள் இல்லையே.

மணி நான்கு பத்து. அவர் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். நான் எழுதிக்கொண்டே இருப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, அவசரமில்லை, நிதானமாக எழுதுங்கள் என்று இடது கையால் சாடை காட்டுகிறார்.