சுவரில் இல்லாத ஹீட்டர்கள்

வீடு கதகதப்பாக இருந்தது. வீட்டை அளந்து சான்றிதழ் எழுத வந்த ஹெவினுக்கு முதலில் உறுத்தியது அதுதான். மலையூரான பிளைனாயில், கல்குவாரிக் கழிவுக் குவியலின் காலடியில் நிற்கும் இந்த வரிசை வீடுகளில், மார்ச் மாதத்தில் கோட்டைக் கழற்றும்படி அவன் எந்த வீட்டிலும் உணர்ந்ததில்லை.

அங்கே குடியிருந்த மாரெட் மூன்று புது ஹீட்டர்களைக் காலையிலிருந்தே ஓட விட்டிருந்தாள். சக்கரம் வைத்தவை, பளபளவென்று இருந்தன. வீடு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்துத்தான் சான்றிதழ் எழுதுவார்கள் என்று நினைத்துவிட்டாள் போல.

வீட்டின் மின்சிக்கனத்துக்குத் தரம் போடுகிற பழைய சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. 'இ' தரம் வந்தால் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுத் தருவதாக வீட்டுக்காரர் கார்மன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கும் கீழான 'எஃப்' வந்தால் சட்டப்படி வாடகைக்கு விட முடியாது. அவருக்குச் செலவு செய்யவும் மனமில்லை, விற்றுவிடுவார். மாரெட் பாத்திரம் பண்டத்தோடு வேறு ஊர் தேட வேண்டியதுதான். இந்த ஊரில் காலியாகிற வீடெல்லாம் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கே போகிறது.

ஹெவின் சுவர்களை அளந்தான், பரணில் தலையை நீட்டிப் பார்த்தான், ஜன்னல்களைப் படம் பிடித்தான். கூடத்துக்குத் திரும்பியபோதுதான் சுவரில் அந்த வெளிறிய கட்டங்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றின் அடியிலும் மின்கம்பி முனை மூடிக் கிடந்தது.

இங்கே இருந்தது என்ன ஆயிற்று என்று கேட்டான்.

அவள் முகம் மலர்ந்தது. துருப்பிடித்த பழைய பெட்டிகள், பார்க்கவே அசிங்கமாக இருந்தன, நீங்கள் வருகிறீர்கள் என்று தம்பியை விட்டுக் கழற்றிவிட்டேன், கொட்டகையில் கிடக்கிறது என்றாள். தம்பி டெகிட் எலக்ட்ரீஷியன்.

இரவில் மலிவு மின்சாரத்தில் உள்ளே இருக்கும் செங்கற்களைச் சூடாக்கிக்கொண்டு பகலெல்லாம் வெப்பம் விடுகிற பெட்டிகள் அவை. கணக்குக்கு வேண்டியது சுவரோடு பொருத்தியிருப்பது மட்டும்தான். சக்கரத்தில் உருளுவது கணக்கில் ஏறாது. பெட்டிகள் இல்லையென்றால் அந்த வீட்டை 'எஃப்'பிலிருந்து யாராலும் தூக்க முடியாது.

அதை அவன் சொன்னதும் மாரெட் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்குன்னே போட்டுக்குங்களேன்," என்றாள் மெதுவாக. "கொட்டகையில இருக்குல்ல. பொய் இல்லையே."

"சுவர்ல இருக்கற படம் கேப்பாங்க."

"அப்ப நானே வெச்ச ஆப்பு."

அவன் வெளிறிய கட்டத்தைக் கைக்கருவியில் படம் பிடித்தான்.

வெளியே காரில் காத்திருந்த கார்மன் அதற்குள் பொறுமையிழந்து உள்ளே வந்தார். கோட்டின் மேல் பொத்தானை அவிழ்த்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னம்மா மாரெட், ரொட்டி சுடலாம் போலிருக்கே இங்க."

ஹெவின் நடந்ததைச் சொல்லி, பெட்டிகளைத் திரும்ப மாட்டியதும் வந்து முடித்துக் கொடுக்கிறேன் என்றான். கார்மன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் அல்ல, மழை ஒழுகும் கூரைகளுக்கு நடுவே களைத்துப்போனவர். அவருக்கு விற்பதுதான் சுலபம் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அவர் யோசிக்க யோசிக்க மாரெட்டின் விரல்கள் ஏப்ரன் துணியை முறுக்கின.

"இன்னிக்கி என்ன இருக்கோ அத எழுதுப்பா," என்றார் கடைசியில். "அதுக்குத்தான கூப்பிட்டேன்."

விதிப்படி அவர் சொன்னதில் தவறில்லை. ஹெவின் கைக்கருவியைப் பார்த்தான். அனுப்பு என்ற பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. தொட்டால் போதும், பதிவேட்டில் ஏறிவிடும். மூன்று ஹீட்டர்களும் மாறி மாறி டக் டக்கென்று ஒலித்தன.

அவன் கருவியை அணைத்தான்.

"இந்த வேலை எனக்கு வேண்டாம். உங்க பணம் முழுசும் திரும்பி வந்துடும். வேற ஆளப் பாருங்க."

"அடுத்த ஆளு பங்கோர்லருந்து வரணும். ஒரு வாரம் ஆகும்."

"ஆகும்."

அந்த ஒரு வாரத்துக்குள் பெட்டிகள் சுவரில் ஏறிவிடும் என்பது கார்மனுக்குப் புரிந்துவிட்டது. கழுத்து சிவந்தது. "பெரிய தர்மவான். இந்தப் பக்கம் இனி எவன் உன்னக் கூப்பிடறான்னு பாக்கறேன்," என்றார். பிறகு மாரெட்டைப் பார்க்காமலேயே, "வாக்கு வாக்குதான். எவன் வந்தாலும் 'இ' வரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் சரிவில் இறங்கும் ஓசை தேயும்வரை இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஊரின் வாடகை வீடுகளில் பாதி கார்மனின் கூட்டாளிகளுடையவை என்பதை ஹெவின் நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பு உடனே போய்விடவில்லை.

டெகிட் ஞாயிற்றுக்கிழமைதான் வருவான், கம்பி இணைப்பதை அவன் பார்த்துக்கொள்வான், பெட்டிக்குள் அடுக்குகிற செங்கற்களைத்தான் என்னால் தூக்க முடியாது என்றாள் மாரெட்.

அளக்க வந்தவன் அந்த வீட்டில் எதையும் தொட்டு மாற்றக்கூடாது. ஆனால் இப்போது அவன் அளக்க வந்தவன் அல்ல. ஹெவின் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

"கொட்டகைச் சாவி எங்க?"