அம்மன் கோயில் சுற்று, எளிது

துளசிக்குச் சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே அந்தத் தாமான் குடியிருப்புக்குச் சனி பிடித்துவிட்டது. நடக்கச் சொன்னார் டாக்டர். பேசாமல் நடந்திருக்கலாம். அவளோ கடிகாரம் ஒன்று வாங்கி, கைப்பேசியில் ஒரு ஆப்பை இறக்கி, நடந்த வழியையெல்லாம் நீலக் கோடாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து ஊருக்கே பகிர ஆரம்பித்தாள். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் சீட்டு எழுதிக் கொடுப்பவளை நாலு பேர் 'லீடர்' என்று கூப்பிட்டால் விடுவாளா? "லீடர், அடுத்த வாரம் எங்கக்கா?" என்று பின்வீட்டு ஷர்மினி கேட்டால் போதும், அந்தப் பூரிப்பில் அன்றைக்குத் துளசி வீட்டுக் குழம்பில் உப்பு இருக்காது.

அவள் போட்ட கோட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் எதிர்வீட்டுக் குலசிங்கம். யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம், அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காலியாகக் கிடக்கும் கார் நிறுத்துமிடத்திலும் அம்புக்குறி காட்டுகிற வழியாகத்தான் சுற்றி வருவார். ஒருமுறை துளசி நடக்கும்போது பெட்ரோல் நிலையக் கழிப்பறைக்குப் போய் வந்ததும் சேர்ந்து கோட்டில் பதிவாகிவிட்டது. மறுவாரம் குலசிங்கமும் அந்தக் கழிப்பறை வாசல்வரை போய், நின்று, திரும்பினார். "கோடு அங்கே போகுது. நானும் போனேன்" என்றார். தாமானே சிரித்தது. துளசியும் சிரித்தாள், ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. தன் கோட்டை இவ்வளவு நம்புகிற ஒரு ஆத்மா!

அந்தக் குளிர்ச்சியில் வெந்நீர் ஊற்றியது அவர் மனைவி விமலாதேவி டீச்சர். குப்பை வைக்க வந்த துளசியிடம் கேட்டில் நின்றபடி கேட்டார்.

"கோப்பெங் பக்கம் உங்கட தோட்டத்துக்கு இவரைக் கூட்டிப் போகப் போறீராம். அங்கே பார்க்க என்ன இருக்கு துளசி, நுளம்புக்கடிதானே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்பதுதான் டீச்சரிடம் உள்ள கோளாறு.

துளசி குப்பையை வைத்தாள். உள்ளே போய், சித்திரைத் திருவிழாவன்று கடிகாரம் பதிந்து வைத்திருந்த கோட்டைத் தேடி எடுத்தாள். அவள் பிறந்த தோட்டம் அது. ரப்பர் பால்மரங்களை வெட்டி, தொழிலாளர் லயங்களை இடித்து, எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்டார்கள். அம்மன் கோயில் மட்டும் மிச்சம். துளசியின் குடும்பம் வெளியேறியபோது அவளுக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு நாள், திருவிழாவுக்கு மட்டும் போவாள். மேளம், பால்குடம், கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் வழியில் பெரிய அல்லூர் வரும், ஈயம் எடுத்த காலத்தில் வெட்டிய ஆழமான வாய்க்கால் அது. அதன்மேல் பலகைப் பாலம், மூங்கில் கைப்பிடி, கைப்பிடி நெடுக மாவிலை. அந்தப் பாலத்தில் நின்று எடுத்த படத்தை முகப்பில் போட்டாள். பெயர் வைத்தாள்: 'அம்மன் கோயில் சுற்று'. எவ்வளவு கடினம் என்று ஆப் கேட்டது. 'எளிது, குடும்பத்தோடு போகலாம்' என்று தட்டினாள். டீச்சர் கண்ணில் படட்டும்.

டீச்சர் பார்க்கவில்லை. குலசிங்கம் பார்த்தார்.

நவம்பர் மழை ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்து, அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வெளுத்திருந்தது. துளசி பாசார் மீன்கடையில், ஊத்தான் மெலிந்தாங் என்ற மீன்பிடி ஊரிலிருந்து வந்த மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி சிணுங்கியது. அவள் பாதைக்குக் கீழே குலசிங்கம் எழுதியிருந்தார்: 'பாலத்தைக் காணவில்லை. வேறு வழி உண்டா?'

துளசிக்குக் காது சூடானது. தனியாகக் கேட்டிருந்தால் என்ன? எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதியிருக்கிறார். ஷர்மினி கண்ணில் பட்டால் நாசி லெமாக் சோற்றுக்கடைவரை போய்விடும். லீடரின் பாதையில் பாலம் இல்லையாம்! டீச்சர் காதில் விழுந்தால் அந்தச் சிரிப்பு ஒரு வருடத்துக்குத் தாங்கும். பாலம் எங்கே போகும்? போகிற ஒவ்வொரு தடவையும் அவள் அதில்தானே நடந்திருக்கிறாள்?

மீன் ஈரம் பட்ட விரலாலேயே எழுதினாள்: 'பாலம் அங்கதான் இருக்கு அங்கிள். மழைத்தண்ணி மேல ஏறியிருக்கும். சரியா பாருங்க.'

கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு கட்டைவிரலைப் போட்டார். துளசி மீனை வெட்டச் சொன்னாள்.

மதியச் சாப்பாடு ஆறிய பிறகு டீச்சர் கேட்டுக்கு வந்தார்.

"இவரைக் கண்டீரோ? கிளேடாங் மலைக்குத்தான் போறன் எண்டவர். இவ்வளவு நேரம் ஆகாதே. போனும் எடுக்கிறார் இல்லை."

"வந்துருவாரு டீச்சர். மழைக்கு எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பாரு."

வாய்தான் சொன்னது. டீச்சரின் கேலிக்குப் பயந்து அவர் வீட்டில் மலை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கதவைச் சாத்தியதும் கோயில் தலைவர் பழனியப்பனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அல்லூர்ப் பாலம் இருக்குல்ல?"

"எந்தப் பாலம்?"

"கோயிலுக்குப் போற பலகைப் பாலம்ணே."

"அது பாலமா? நாலு லோரிப் பலகைலா. திருவிழாவுக்கு முதநாள் போடுவோம், முடிஞ்ச மறுநாள் கழட்டிருவோம். ஒரு வருஷம் சோம்பேறித்தனமா விட்டுட்டோம், எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப கோயிலுக்குப் பின்னால அடுக்கிப் பூட்டி வச்சிருக்கு. ஏன் கேக்குற?"

"சும்மாதாண்ணே."

"இப்ப அந்தப் பக்கம் போயிராத ஆயி. தண்ணி கரைய முட்டிக்கிட்டு ஓடுது."

அவள் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: செருப்பைக்கூடத் தேடாமல் எதிர்வீட்டுக்கு ஓடுவது. அவள் கட்டிலில் உட்கார்ந்து முதலில் தன் பதிலை அழித்தாள். பிறகு அவர் கேள்வியை. பிறகு பாதையையே. 'நிச்சயமாக நீக்கவா?' என்று ஆப் மரியாதையாகக் கேட்டது. நீக்கினாள். ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனபோது டீச்சர் போனில் போலீசுக்குக் கிளேடாங்கின் அடிவாரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், எங்க தோட்டத்தைப் பத்தி அங்கிள் விசாரிச்சாரு. ஒருவேளை அங்க போயிருப்பாரோ?"

போயிருந்தார். செம்பனை ஓரம் அவருடைய கார், ஒழுங்காகக் கோட்டுக்குள் நிறுத்தியதுபோல நேராக நின்றது. இருட்டுவதற்குள் பொம்பா தீயணைப்புக்காரர்கள் அவரை அல்லூரின் கீழ்மதகில் கண்டெடுத்தார்கள். கையில் ஊன்றுகம்பு இருந்தது. தண்ணீருக்கடியில் பலகையைத் தட்டித் தேடியிருப்பார் போல என்று ஒருவர் சொன்னதைத் துளசியும் கேட்டாள்.

தாமானில் அவளைத் தூக்கி வைத்துப் பேசினார்கள். "துளசி மட்டும் சொல்லலைன்னா மலையில ஒரு வாரம் தேடியிருப்பானுங்க" என்று ஷர்மினி போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். துளசி துக்க வீட்டுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள், நாற்காலி போட்டாள், தேத்தண்ணீர் ஊற்றினாள். இவ்வளவு பாடுபடுகிறாளே என்று பாராட்டாத வாயில்லை. அவள் கன்னம் ஒட்டிப்போனதைச் சர்க்கரைமேல் போட்டார்கள்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து, வெளியே கூடாரத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. டீச்சர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். மகன் ரதீசன் அங்கே இருந்தான். மேசைமேல் குலசிங்கத்தின் கைப்பேசி. மழைநாளில் அதை நீர் புகாத பைக்குள் போட்டுத்தான் அவர் வெளியே போவார்.

"இஞ்சை பாரும்" என்றார் டீச்சர்.

திரையில் நீலக் கோடு துளசியுடையது, நடக்குமுன் அவர் இறக்கி வைத்திருந்தது, அல்லூரை நேராகக் கடந்து போனது. அதன்மேல் சிவப்பாக இன்னொரு கோடு, அவர் நடந்தது. சிவப்பு, கரைவரை நீலத்தைப் பிசகாமல் தொடர்ந்து வந்து, அங்கே நின்று, கரையோரமாக மேலே போய், திரும்பி, கீழே போய், மறுபடியும் திரும்பி, ஒரே இடத்தில் நூல்கண்டு சிக்கியதுபோலக் கிடந்தது. கண்டிலிருந்து ஒரு இழை மட்டும் நீலத்தின்மேலேயே தண்ணீருக்குள் இறங்கி முடிந்திருந்தது.

டீச்சர் விரலால் திரையை இழுத்தார். வந்த அறிவிப்புகளில் ஒன்று இன்னும் அழியாமல் இருந்தது. அங்கதான் இருக்கு அங்கிள். சரியா பாருங்க.

"எவ்வளவு தரம் போய் வந்திருக்கிறார் பாரும்" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "சரியாத்தான் பார்த்திருக்கிறார்."

துளசி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"பாதையை அழிச்சுப்போட்டீர், என்ன?" என்றான் ரதீசன்.

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

"நாங்கள் போலீசுக்குப் போகலாம், போகாமல் விடலாம், அது பிறகு" என்றார் டீச்சர். "முதல்ல அதைத் திரும்பப் போடும். பாலம் இல்லை எண்டு எழுதும். நீர் சொல்லித்தான் இவர் இறங்கினவர் எண்டும் எழுதும். உம்மட பேரோட. இப்ப, இஞ்சை இருந்து."

கடிகாரத்தில் பழைய பதிவு பத்திரமாக இருந்தது. கோடு மறுபடியும் திரையில் வந்தது. துளசி எழுதினாள், அழித்தாள், டீச்சரைப் பார்த்தாள், மறுபடியும் எழுதினாள். எவ்வளவு கடினம் என்று ஆப் கேட்டது. அதற்கு மட்டும் பதில் தட்டாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவசரப்படுத்தவில்லை.

பிறகு அனுப்பினாள்.

வெளியே கூடாரத்துக்கு அடியில் ஒரு சட்டைப்பையில் மணி அடித்தது. அடுத்து ஒரு கைப்பையில். அடுத்து இன்னொன்றில். வடை பரிமாறிக்கொண்டிருந்த ஷர்மினி தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை எடுத்தாள். பந்தியில் பேச்சு ஒவ்வொரு இலையாக நிற்பது அறைக்குள் கேட்டது.