அஜ்மீருக்கு ஒரு பயனிலை

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது. பயனிலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுவாய் ஒன்றைச் சுட்டுகிறது. பயனிலை அதைப் பற்றி ஒன்று சொல்கிறது. பள்ளியில் படித்து, தேர்வெழுதி, மறந்துபோன சங்கதி. தத்துவக்காரர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாக இதில் மண்டையை உடைத்துக்கொள்வதற்குக் காரணம் என்னவென்றால்— (இது கட்டுரைக்கு உரிய வாக்கியம். இங்கேயே கிடக்கட்டும்.)

கணினிப் பகுதிக்காக நௌஷினிடம் போனேன். காரைக்கால்காரி, வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவள்.

"எங்களுக்குப் பயனிலைன்னா வெற்றிடம் வச்ச வாக்கியங்க. '____ சிவப்பு'. அந்த இடத்துல ஒரு பேரப் போட்டா உண்மை, இல்லாட்டி பொய்னு பதில் வரும். வெறும் பேருக்கு ஒரு பதிலும் வராது" என்றாள். பிறகு, "எங்க வாப்பாவுக்கு மாசக்கணக்கா வெறும் பேருதான் வந்துச்சு" என்றாள்.

கட்டுரை அங்கே நின்றுவிட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நிலக்கரித் தூசுக்கு மேலே, கிரேன் கூண்டுக்குள்ளிருந்து கமாலுதீன் கடலை—"

வேண்டாம். அவர் கடலைப் பார்த்ததாக மகள் நௌஷின் சொல்லவில்லை. நடந்தது இவ்வளவுதான்: கமாலுதீன் கீழவாஞ்சூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மகன் அஜ்மீருக்கும் அங்கேயே வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். அவனோ ஷார்ஜாவுக்கு விசா கையில் வந்த பிறகுதான் வீட்டில் வாய் திறந்தான். முகம் கொடுத்துப் பேசாமலே இருவரும் பிரிந்தார்கள். அடுத்த மாதம் கமாலுதீனுக்குப் பக்கவாதம். கைகால் மெல்லத் திரும்பிவிட்டது. பேச்சில் பெயர்கள் மட்டும் திரும்பின.

தண்ணி. மஹ்பூபா (அவர் மனைவி). செருப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முழுக்க, அஜ்மீர்.

அஜ்மீருக்கு என்ன? அதுதான் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"அஜ்மீர் வரணுமா வாப்பா?" என்பாள் நௌஷின். அவர் மேசையைத் தட்டுவார். "வரவேணாமா? அவன் மேல கோவமா?" இன்னும் பலமாகத் தட்டுவார். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும்.

"லாத்தா, என்னைய ஏசுறதுக்குத்தான் வாப்பா கூப்புடுறாங்க" என்று அக்காவிடம் சொன்ன அஜ்மீர், வீடியோவில் வருவதையே நிறுத்திக்கொண்டான்.

(இந்த இடத்தில் கமாலுதீனின் மனதுக்குள் நுழைந்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சொந்த வீட்டாருக்கே திறக்காத கதவு எனக்கு மட்டும் எப்படித் திறக்கும்?)

3

ஒரு முடிவு: அவர் வாய் திறந்து "மன்னிச்சுட்டேன்" என்கிறார். எழுதிப் பார்த்தேன். சினிமாவாக இருந்தது.

இன்னொன்று: நௌஷின் எழுதிய செயலி அவருக்காகப் பேசுகிறது. அவள் உண்மையிலேயே எழுதினாள். படத்தைத் தொட்டால் முழு வாக்கியம் ஒலிக்கும். அவர் போனை ஒரு தள்ளு தள்ளிவிட்டார். அது அவருடைய வாக்கியம் இல்லையே.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல், சாப்பாட்டு நேரம். நௌஷினின் உம்மா மஹ்பூபா மகனை மிரட்டி வீடியோவில் வரவைத்திருந்தாள். "வாப்பா மூஞ்சியப் பாத்து ஸலாம் சொல்லுடா. மத்ததை அல்லா பாத்துக்குவான்."

அஜ்மீர் தலைகுனிந்தபடி ஸலாம் சொன்னான். கமாலுதீன் போனை முகத்தருகே கொண்டுபோனார்.

"அஜ்மீர்."

"சொல்லுங்க வாப்பா."

"அஜ்மீர்..." உதடு கோணியது. நௌஷின் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தாள். மஹ்பூபா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அஜ்மீர்... ஒல்லி."

சோற்றில் இருந்த கைகள் அப்படியே நின்றன.

இரண்டே சொல். வினை இல்லை, தமிழுக்கு அது வேண்டியதும் இல்லை. ஒரு பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்து மூச்சை இறக்கினால் வாக்கியமாகிவிடுகிறது. எது ஒட்டுகிறது? இலக்கணத்தில் தேடினேன், தத்துவத்தில் தேடினேன். இரண்டு சொல்லுக்கும் நடுவே உற்றுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததன் வழியாக ஒரு மனிதர் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அஜ்மீர்தான் முதலில் பேசினான். "இல்ல வாப்பா! நாலு கிலோ ஏறிருக்கேன். பொய் சொல்றீங்க!" சொல்லிவிட்டு ஓவென்று அழுதான்.

கமாலுதீன் இல்லையென்று தலையாட்டினார். விரலால் திரையில் மகனின் கன்னத்தைக் குத்திக் காட்டினார். "ஒல்லி!"

"வெறும் பேரு பொய்யாவாதுங்க" என்றாள் நௌஷின் என்னிடம். "அவன் பொய்னு சொன்னப்பதான் வாப்பா ஏதோ சொல்லிட்டாங்கன்னே எனக்கு உறைச்சுது. ரெண்டு பேரும் மறுபடி சண்டை போட்டாங்க. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

4

சண்டை ஓய்ந்ததும் கமாலுதீன் போனை மடியில் வைத்துக்கொண்டார். இன்னொன்று தொடங்கினார். இத்தனை மாதமும் வராத சொல்.

"நான்..."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை. ஷார்ஜாவிலிருந்தும் சத்தமில்லை.

அடுத்த சொல் என்னவென்று நௌஷின் சொன்னாள். எழுதினேன், அடித்துவிட்டேன். உங்கள் நாக்கிலும் இந்நேரம் ஒரு சொல் வந்து நிற்கும். சொல்லிவிடாதீர்கள். மஹ்பூபாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, உட்காருங்கள். அவர் சொல்லட்டும்.